பாதிதான் ஏத்துறதாப் பேச்சு

தீப்பெட்டி ஆபீஸ் தெருவுல இன்னைக்குப் போய் யாரை வேணும்னாலும் நிறுத்திக் கேளுங்க, அழகுவேல் அண்ணாச்சி கடைப் பரண்ல ஒரு சாமானை ஏத்தி வச்சா அதுல ஒட்டிக்கிட்டிருக்குற மனக்கஷ்டமும் சேந்து மேல போயிரும்னு சொல்லுவாங்க, அதையும் ஏதோ காலையில ஆறு மணிக்குக் குழாய்ல தண்ணி வரும்ங்கிற மாதிரி சொல்லிட்டு, பல்லு விளக்குறவன் பல்லு விளக்கப் போயிருவான், கோலம் போடுறவ கோலம் போடப் போயிருவா. ஏன் அப்படின்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்ட ஒரே ஆளு கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு. அவருக்கும் ஒரு செம்பு மோரைக் குடுத்து அனுப்பிட்டாங்க.

அந்தக் கடை முந்தி தீப்பெட்டி ஆபீஸ் குடோனா இருந்துச்சு. ஆபீஸை மூடுன பெறகு அழகுவேல் அதை எடுத்து வாடகைப் பாத்திரக் கடை போட்டாரு. கல்யாணத்துக்கு அண்டா, காதுகுத்துக்கு இட்லிக் கொப்பரை, கருமாதிக்கு பெஞ்சு, எல்லாத்துக்கும் சேர். கீழ எடம் பத்தலேன்னா பன்னெண்டு அடி உசரத்துல தேக்குப் பலகை பரண் ஒண்ணு இருக்கு, அதுல ஏத்திரலாம். அவரு சம்சாரம் சந்தனமாரி, பாத்திரத்துல பேரு வெட்டுற மிஷினைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பா. ஊருல எவ வீட்டுக் கரண்டியைத் திருப்பிப் பாத்தாலும் அவ கையெழுத்துத்தான் புள்ளி புள்ளியா இருக்கும். ஒரே மக, பேரு வெயிலாச்சி. தெருவே வெயிலு வெயிலுன்னு கூப்பிடும். அவளப் பத்திச் சொல்லத்தான் வந்தேன், ஆனா நேரா அவகிட்ட போக மனசு வர மாட்டேங்குது, சுத்திக்கிட்டுப் போவோம்.

முதமுத ஏறுனது இட்லிக்கடை ஞானசுந்தரியோட கிரைண்டரு. அவ புருஷன் மாவாட்டிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சு உக்காந்தவரு, உக்காந்தபடியே போயிட்டாரு. அந்தக் கிரைண்டரைப் பாத்தாலே அவளுக்குக் கை காலு ஓடல. "அண்ணாச்சி, ஒரு மாசம் ஒங்க பரண்ல போட்டு வைங்க, பெறகு எடுத்துக்கிறேன்"னு வந்து நின்னா. அப்ப மிஷின் கிஷின் கெடையாது. விட்டத்துல ஒரு கப்பி, கப்பியில ஒரு தேங்காநாருக் கயிறு. ஏழு பேரு கயித்தைப் பிடிச்சாங்க, கடைசி முனையை ஞானசுந்தரியும் பிடிச்சா, ஏலேலோன்னு இழுத்து மேல வச்சாங்க. கிரைண்டரு பலகையில உக்காந்ததுதான் தாமதம், அவ நிமிந்து பெருமூச்சு விட்டுட்டு, "என்ன இப்படி வேர்க்குது, யாராச்சும் ஃபேனைப் போடுங்களேன்"னா. மூணு மாசமா தலைக்கு மேல ஃபேன் இருக்குறதே அவளுக்குத் தெரியாது.

ஆனா இழுத்த ஏழு பேரும் ஒரு தினுசா ஆயிட்டாங்க. சுமை தூக்குற சங்கிலிப்பாண்டி வீட்டுக்குப் போயி, வச்ச இட்லியைத் தொடாம அழுதிருக்கான். கல்யாணச் சமையல்காரரு நல்லமுத்து, சாம்பாரைக் கிண்டிக்கிட்டே தேம்பியிருக்காரு. செத்தவரு சட்னியில உப்புக் கூடுனா மூக்கைச் சுளிப்பாருன்னு, அவரை ஏறிட்டுப் பாக்காதவன்கூட ஏழு வீட்டுலயும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனான். அப்பத்தான் தெருவுக்கு வெளங்குச்சு: எட்டுப் பேரு இழுத்தா துக்கம் எட்டுப் பங்கு. ஞானசுந்தரிக்கும் ஒரு பங்கு மிச்சம் இருந்துச்சு, ஒரு பங்குன்னா தாங்கலாம்ல?

சரி, தெரு அதுக்குத் தக்கன மாத்திக்கிச்சு. கயிறு பிடிச்சவனுக்கு மறுநாள் லீவு. கயிறு பிடிச்ச வீட்டுக்கு அன்னைக்குச் சாப்பாடு, சாமான் ஏத்துனவுக வீட்டுல இருந்து வரணும். பொங்கலுக்கு முந்துன வாரம் கயிறு கெடையாது, பண்டிகை கெட்டுரும். இப்படிச் சட்டமெல்லாம் தானா வந்து உக்காந்துக்கிச்சு. ஆனா சனங்க சனங்கதானே. வரவர ஆளு கொறைய ஆரம்பிச்சுச்சு. கூப்பிட்டா ஒருத்தன் "எனக்குத் தோள்பட்டை எறங்கியிருக்கு"ம்பான். ஒருத்தன் "மாமியா வந்திருக்காக"ம்பான், மாமியா அவன் கல்யாணத்துக்கு முந்தியே போய்ச் சேந்தவ. சங்கிலிப்பாண்டி பொண்டாட்டி நடுத்தெருவுல நின்னு இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "எங்க வீட்டு ஆளு எங்க அப்பன் செத்ததுக்கு ஒரு சொட்டு விடல, எவளோ ஒருத்தி புருஷனுக்கு மூணு நாளா மூக்கு சிந்துறாரு, இது எந்த ஊரு ஞாயம்?"னு கேட்டா. ஞாயமான கேள்வி. 

அப்பத்தான் கயிறு வெயிலு கைக்கு வந்துச்சு.

அவ வெயிட்லிப்டிங் பண்ற பிள்ளை. ஸ்கூல்ல குண்டு எறியப் போனவள, ஒரு கோச்சு பாத்துட்டு, இவ எறியுற பிள்ளை இல்ல, தூக்குற பிள்ளைன்னு திருப்பிவிட்டாரு. கடைக்குப் பின்னால தகரக் கொட்டகையில ஒரு கம்பியும் எட்டு இரும்புத் தட்டும் கெடக்கும்: அஞ்சு கிலோவுல ரெண்டு, பத்துல ரெண்டு, பதினஞ்சுல ரெண்டு, இருவதுல ரெண்டு. காலையில அஞ்சு மணிக்கு அழகுவேல்தான் கம்பியில தட்டு மாட்டிக் குடுப்பாரு. மாட்டிட்டு மூலையில குத்தவச்சு, அவ தூக்கும்போது இவரு மொகத்தை முக்குவாரு, என்னமோ இவரு தூக்குற மாதிரி. "யப்பா, நீங்க மூச்சை விடுங்க, நான் பாத்துக்கிறேன்"ம்பா அவ, கம்பியைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டே.

அவ நாலு ஆளு எடத்துல ஒருத்தியா நின்னு கயித்தை இழுப்பா. நாலு பங்கையும் அவளே வீட்டுக்குக் கொண்டுவருவா. சந்தனமாரி போயிப் பாத்தா, கொட்டகையில சுவத்துல சாஞ்சு உக்காந்து கண்ணு கலங்கிக்கிட்டு இருப்பா.

"இன்னைக்கு யாருக்குடி அழுவுற?"

"தெரியலம்மா. யாரோ ஒரு லாரி டிரைவருக்கு. பாவம், சிரிச்ச மொகம்."

"ஊரான் வீட்டுச் சாவையெல்லாம் சொமக்கணும்னு ஒனக்கு என்னடி தலையெழுத்து?"

"வெயிட்டுத்தானம்மா. தூக்கலாம்." எந்திரிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு கம்பியைத் தூக்கப் போயிருவா.

இப்படி இருக்கையில மெட்ராஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருக்கு, வந்து சேரவும்னு. அழகுவேல் தெருவுல எல்லாருக்கும் வாடகைக் கொப்பரையில கேசரி கிண்டிக் குடுத்தாரு. வெயிலு மட்டும் கேசரியைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சா. "நான் போயிட்டா கயித்தை யாருப்பா இழுப்பா?" எல்லாரும் அவங்கவங்க கேசரியைப் பாத்தாங்க. பெறகு அவளே சொன்னா, "கரண்டுல தூக்குற மிஷின் இருக்காம்ப்பா. ஹாய்ஸ்ட்டும்பாங்க. கோச்சு ஊருல கட்டட வேலையில பாத்திருக்கேன். போறதுக்குள்ள ஒண்ணு பாத்து மாட்டிருவோம்."

மூணு பேருமா மதுரைக்குப் பஸ் ஏறுனாங்க. கடைக்காரரு டை கட்டியிருந்தாரு. டை கட்டுன ஆளுகிட்டப் பேசுறோம்னு அழகுவேலும் சட்டை மேல் பட்டனைப் போட்டுக்கிட்டு, தொண்டையைச் செருமி, ஒரு மாதிரி ரேடியோக் குரல்ல பேச ஆரம்பிச்சாரு.

"என்ன சார் தூக்கப் போறீங்க?"

"அண்டா... கிரைண்டர்... ஆட்டுக்கல்... இந்த மாதிரி."

"அதிகபட்சம் என்ன வெயிட் வரும்?"

அழகுவேல் சம்சாரத்தைப் பாத்தாரு, மகளப் பாத்தாரு, ரேடியோக் குரலை எறக்கி வச்சுட்டுக் கேட்டாரு, "சாமான் வெயிட் மட்டுமா, துக்கத்தையும் சேத்தா?"

கடைக்காரரு கண்ணைக்கூடச் சிமிட்டல. "அதுக்குத்தான் சார் கூடப் போட்டு வாங்கணும். நூறு கிலோ தூக்கணும்னா எரநூறு கிலோ மாடல் எடுங்க. போன வாரம் ஒரு பார்ட்டி, பிரிஞ்ச பொண்டாட்டியோட பீரோவைத் தூக்கணும்னு கரெக்டா அளந்து வாங்கிட்டுப் போனாங்க, மோட்டார் பொகைஞ்சிருச்சு." சொல்லிட்டு ஒவ்வொண்ணாக் காட்டுனாரு. செயின் மாடல் இருக்கு, செக்குமாடு மாதிரி ஒழைக்கும், ஆனா மூணு பேஸ் கரண்டு வேணும். கம்பிக் கயிறு மாடல் வீட்டுக் கரண்டுலயே ஓடும். ஒத்தக் கம்பியா விட்டா எரநூறு கிலோ. கொக்கியில இன்னொரு கப்பி மாட்டி ரெட்டைக் கம்பியா விட்டா நானூறு, ஆனா வேகம் பாதியாயிரும், உசரமும் பாதியாயிரும். மேல போயி இடிச்சுக்காம தானா நிக்குறதுக்கு ஒரு கட்டை. அவசரத்துக்கு அமுக்க ஒரு செவப்பு பட்டன். ஆளை மட்டும் ஏத்தக் கூடாது.

"இருங்க, எறக்கிக் காட்டுறேன்"னு அவரு ரெண்டு ஆளைக் கூப்பிடப் போனாரு. வெயிலு மேல் தட்டுல இருந்த மிஷினை ஒத்தக் கையால எடுத்து மேசையில வச்சுட்டா. டை கட்டுனவரு அவளையும் மிஷினையும் மாறி மாறிப் பாத்துட்டு, "ஏம்மா, ஒங்க வீட்டுக்கு இது எதுக்கு?"ன்னாரு. அழகுவேலுக்கு நெஞ்சு ஒரு சாண் விரிஞ்சுச்சு.

"இதுக்கு எத்தனை ஆளு சார் வேணும்?"னு கேட்டா வெயிலு.

"ஆளா? ஒரு வெரலு போதும்மா."

ஒத்தக் கம்பி மாடலையே எடுத்தாங்க. வெயிட்டைக் கேட்டாங்க, உசரத்தைக் கேட்டாங்க, கரண்டைக் கேட்டாங்க, ரிப்பேர் ஆனா யாரு வருவான்னு கேட்டாங்க. இழுக்க ஆளே இல்லேன்னா பங்கு எங்க போகும்னு மட்டும் கேக்கல. டை கட்டுனவரும் சொல்லல, அவருக்கு அந்தத் தெரு வழக்கம் என்ன தெரியும்?

விட்டத்துல போல்ட்டு போட்டு மாட்டி, சந்தனம் வச்சு, எலுமிச்சம்பழம் சுத்தி, பழைய கயித்தை வெட்டி தெருக்காரிக துணி காயப்போட ஆளுக்கு ரெண்டு பாகம் பகுந்துக்கிட்டாங்க. வெயிலு மெட்ராஸ் பஸ் ஏறிட்டா.

மிஷின்ல முதமுத பட்டனை அமுக்குனவ அமிர்தக்கனி. மாமியா ஆட்டுக்கல்லு. மாமியா மருமக சண்டை போட்டாத்தான் அந்தத் தெருவுக்கே பொழுது போகும், அப்படிச் சண்டை போட்டவ, கெழவி போனதும் அந்தக் கல்லைக் கட்டிக்கிட்டு அழுதா. ங்ங்ங்கொய்ங்னு சத்தம் போட்டுக்கிட்டுக் கல்லு மேல போச்சு. அமிர்தக்கனி பளிச்சுனு மொகத்தோட வீட்டுக்குப் போயி, சுவத்தைப் பாத்து, "யாருங்க இந்தக் கெழவி, மாலையெல்லாம் போட்டு வச்சிருக்கீக?"ன்னு புருஷன்கிட்டக் கேட்டா. கிண்டல் பண்றானு தெருவே சிரிச்சுச்சு. ரெண்டு நாளு கழிச்சும் கேட்டா.

தெரு கொஞ்ச நேரம் கன்னத்துல கைய வச்சு உக்காந்திருந்துட்டு, அதுக்கும் பழகிருச்சு. பட்டனை அமுக்குறவுகளுக்கு அந்த மனுஷரே ஞாபகத்துல இருந்து போயிருவாரு, அவ்வளவுதானே, தலைவலி மாத்திரை சாப்பிட்டா வயிறு எரியலையா? சாமானை ஏத்துறதுக்கு முந்தி சந்தனமாரி அதுல செத்தவுக பேரை வெட்டி வைக்கணும்னு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாங்க. அந்தப் பேரை அதுக்குப் பெறகு எவரும் படிக்கல. வரிசை நாளுக்கு நாள் நீண்டுச்சு. தெருவுல எல்லா மொகமும் கழுவி வச்ச தட்டு மாதிரி ஆயிருச்சு. அமாவாசைக்குச் சோறு வைக்க ஆள் இல்லாம காக்காயெல்லாம் பக்கத்துத் தெருவுக்குக் குடி போயிருச்சு.

எலெக்‌ஷன்ல தோத்த தவசிக்கண்ணு, தன் படம் போட்ட இரும்பு பிரேமை ஏத்துனாரு. தோத்ததே மறந்துபோயி, வீடு வீடாப் போயி ஓட்டுப் போட்டதுக்குக் கும்பிடு போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. மாமனாரு வீட்டு விசேஷப் பந்தல்ல நிறுத்த அந்த பிரேம் வேணும்னு எட்டு மாசம் கழிச்சு எறக்கவும், அம்புட்டுத் தோல்வியும் சுடச்சுடத் திரும்பி வந்துச்சு, அப்பத்தான் ரிசல்ட்டு சொன்ன மாதிரி தரையில உருண்டாரு. ஏத்துனதை எறக்குனா, முத நாள்ல இருந்து மறுபடி படணும்னு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. அதுக்குப் பெறகு ஒருத்தரும் எதையும் எறக்கல.

சரி. சுத்துனது போதும்.

வெயிலு காய்ச்சலோட வந்தா. ஹாஸ்டல்ல ரெண்டு நாளு இருந்துருக்கு, சொல்லாம இருந்திருக்கா. வந்து பதினோராம் நாளு ஆஸ்பத்திரியில இருந்து அவள நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஹாஸ்டல்ல நூத்தி முப்பது கிலோவைத் தலைக்கு மேல நிறுத்துன பிள்ளையை நாலு பேரு லேசாத் தூக்கிட்டு வந்தாங்க.

தெரு மொத்தமும் வந்துச்சு. வந்து நின்னுச்சு. அவ யாரு யாருக்கெல்லாம் கயிறு பிடிச்சாளோ அவங்க எல்லாரும் நின்னாங்க. அவங்களுக்கு அழுது பழக்கம் விட்டுப்போச்சு, என்ன செய்யணும்னு தெரியாம கையைக் கட்டுறதும் அவுக்குறதுமா இருந்தாங்க. கடைசியில அமிர்தக்கனிதான், நல்ல மனசோட, சந்தனமாரி தோளைத் தொட்டு, "ஏன் மதினி இப்படிக் கஷ்டப்படுறீக? நம்ம பரண் இருக்குல்ல?"ன்னா.

"ஏத்துனா அவ இருந்தான்னு யாருடி சொல்லுவா?"ன்னு கேட்டா சந்தனமாரி. அமிர்தக்கனிக்கு அந்தக் கேள்வியே புரியல.

சந்தனமாரி அழுது அழுது எப்படியோ நாளைத் தள்ளுனா. அழகுவேல் அழல. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிப்பாரு, கொட்டகையைத் தெறப்பாரு, கம்பியில தட்டை ஒண்ணொண்ணா மாட்டுவாரு, மூலையில போயி குத்தவச்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஆறு மணிக்கு எல்லாத்தையும் கழட்டி அடுக்குவாரு. சோறு வச்சா ஒரு வாய், அதையும் மென்னுக்கிட்டே இருப்பாரு, எறங்காது. டாக்டரு நாடியைப் பிடிச்சுட்டு, "ஒடம்புல ஒண்ணும் இல்ல, ஆனா இப்படியே போனா ஒடம்பே இருக்காது"ன்னுட்டாரு. சட்டை ஆணியில தொங்குற மாதிரி ஆளு மேல தொங்குச்சு.

நாப்பதாம் நாளு மத்தியானம் அவரே பேச்செடுத்தாரு.

"சந்தனம், பாதி ஏத்துவோமா?"

"என்னது பாதி?"

"தட்டு நாலு ஜோடி இருக்குல்ல. சின்னது ரெண்டு ஜோடியை மட்டும் மேல ஏத்துறேன். அஞ்சும் பத்தும். பெரிய தட்டும் கம்பியும் கீழயே கெடக்கட்டும். ஆஸ்பத்திரி நாளு, எடுத்துட்டுப் போன நாளு, அது மட்டும் போகட்டும் புள்ள. அவ தூக்குனது, சிரிச்சது, கேசரி தின்னது எல்லாம் இருக்கட்டும். கொஞ்சம் எடை கொறைஞ்சா நான் சமாளிச்சுருவேன்."

காலமெல்லாம் அண்டாவை அளவு சொல்லி வாடகைக்கு விட்ட ஆளு, எதையும் பாதி, காலுன்னு பிரிச்சுக் கணக்குச் சொல்லுவாரு. சந்தனமாரி அவரு கழுத்தெலும்பைப் பாத்தா. இவரும் போயிட்டா வெயிலப் பத்திப் பேச ஒரு மனுஷன் மிஞ்ச மாட்டான்னு நெனச்சா. பாதி போனாலும் பாதி இருக்கும்ல?

"ரெண்டு ஜோடிதான்"னா.

"ரெண்டே ஜோடி."

"எம்மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணாரு. கொட்டகையில கெடந்த தட்டு, கம்பி எல்லாத்தையும் பிரிச்சு எடுக்கக் கடைக்குள்ள கொண்டுவந்து போட்டாரு. அவ சின்னத் தட்டு நாலுலயும் பேரு வெட்டுனா. வெ, யி, லா, ச், சி. இரும்புல புள்ளி விழ மாட்டேன்னு அடம்பிடிச்சுச்சு, அமுக்கி அமுக்கி வெட்டுனா. பெரிய தட்டுல வெட்டல, அது கீழதானே இருக்கப்போவுது. வெட்டி முடிச்சதும், பாக்க மாட்டாம வெளிய வந்து, கடைச் சுவத்துல முதுகை வச்சு நின்னுக்கிட்டா.

ங்ங்ங்கொய்ங்னு ஒரு தடவை சத்தம் போச்சு. ஒண்ணு. கொக்கி எறங்குற சத்தம். மறுபடி ங்ங்ங்கொய்ங். ரெண்டு. மிஷின் நின்னுச்சு. சந்தனமாரி மூச்சை விட்டா.  பெறகு அவரு குரல் வந்துச்சு, நாப்பது நாளாக் காணாமப் போயிருந்த பழைய குரலு, "ஏ புள்ள! பசி வயித்தைக் கிள்ளுது, என்ன இருக்கு?"

அவளுக்கு என்ன ஓட்டம் வந்துச்சுங்குறீங்க! பின்கட்டுக்கு ஓடுனா, அடுப்பைப் பத்தவச்சா, அரிசியைக் களைஞ்சா, ரெண்டு கத்திரிக்காயை நறுக்கி எண்ணெயில போட்டா, ஒரு கருவாட்டுத் துண்டையும் தேடி எடுத்துச் சுட்டா, அடுப்படியில நின்னுக்கிட்டே தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கத்திரிக்கா சடசடன்னு பொரியுற சத்தத்துல வேற எந்தச் சத்தமும் அவ காதுல விழல.

உள்ள என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். அஞ்சு கிலோ ஜோடி மேல போனதும் ஆஸ்பத்திரி போயிருச்சு. பத்து கிலோ ஜோடி போனதும் பாடை போயிருச்சு. சொன்ன மாதிரியே நின்னாரு, நல்லாத்தான் நின்னாரு. ஆனா மக செத்துட்டாங்கிறதும் அதோடயே போயிட்டதால, பாதியில நிறுத்துறேன்னு எதுக்குச் சத்தியம் பண்ணோம்ங்கிறது அவருக்குப் பிடிபடல. மக மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருக்கா, நல்லா இருக்கா, பெறகு இந்த இரும்பு நடுக்கடையில எதுக்குக் கெடக்குது? வாடகைக்கு வர்றவுக கால்ல இடிச்சுக்க மாட்டாங்களா? சுத்தமான மனுஷன், ஒதுங்க வைப்போம்னு பதினஞ்சை ஏத்துனாரு. அதுல மெட்ராஸ் போயிருச்சு, மதுரை போயிருச்சு. இருவதை ஏத்துனாரு. கோச்சு, குண்டு எறிஞ்சது, பல்லு விழுந்தது, முதமுத நடந்தது. கடைசியாக் கம்பி. நிறுத்தணும்னு நெனச்ச ஆளே அங்க இல்ல, யாரு நிறுத்துவா?

சந்தனமாரி சோத்துத் தட்டோட உள்ள வந்தா. தரை காலியா இருந்துச்சு. கொக்கி மேல லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அழகுவேல் துண்டால கையைத் தொடச்சுக்கிட்டு, "கெடந்த இரும்பையெல்லாம் ஒதுங்க வச்சுட்டேன் புள்ள, எவன் கொண்டுவந்து போட்டானோ. ஏதோ வெயிலாச்சின்னு பேரு வெட்டியிருக்கு, ஒங்கையெழுத்து மாதிரி இருந்துச்சே, யாரு, நம்ம வாடிக்கையா?"ன்னு கேட்டுக்கிட்டே அவ கையிலிருந்த சோத்துத் தட்டை வாங்கி உக்காந்துட்டாரு.

பசின்னா அப்படிப் பசி. கத்திரிக்காயைப் பெசஞ்சு உருண்டை உருட்டி உள்ள தள்ளுனாரு. கருவாட்டைக் கடிச்சுக் கண்ணை மூடுனாரு. ஒவ்வொரு வாயும் தொண்டையில எறங்குறதை அவ பாத்தா, கழுத்துல குரல்வளை ஏறி எறங்குறதைப் பாத்தா. பாத்துக்கிட்டே போயி, தொங்குற ஸ்விட்சை எடுத்துக் கையில பிடிச்சா. மேலுக்கு ஒரு பட்டன், கீழுக்கு ஒரு பட்டன். கீழ் பட்டன் மேல கட்டை வெரலை வச்சா. ஆளே இல்லாத பரண்ல போயி கொக்கியை மாட்டிட்டு வந்து ஒரு அமுக்கு அமுக்குனா மக திரும்ப வந்துருவா, அவரு மனசுக்குள்ள. நாப்பது நாளும் முத நாள்ல இருந்து வரும். தவசிக்கண்ணு உருண்டது தோத்த எலெக்‌ஷனுக்கு. இவரு எதுக்கு உருளணும்?

"ஏ புள்ள, ஏன் நின்னுக்கிட்டே அழுவுற?"

அவரு சுவத்தைப் பாத்தாரு. படத்துல மெடல் போட்டுக்கிட்டு ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. "இது யாரு? புதுசா மாலை போட்டிருக்கு."

"அந்தப் பிள்ளைக்குத்தான் அழுவுறேன்."

"போயிருச்சா? அடப்பாவமே. சின்னப் பிள்ளையா இருக்கே. எப்படி?"

சந்தனமாரி சொன்னா. ஸ்விட்சைக் கையில பிடிச்சபடியே எல்லாத்தையும் சொன்னா, ஊரான் வீட்டுப் பிள்ளையப் பத்திச் சொல்ற மாதிரி. ஸ்கூல்ல குண்டு எறியப் போனதைச் சொன்னா. நாலு ஆளு எடத்துல ஒருத்தியா நின்னதைச் சொன்னா. முன்னப் பின்னத் தெரியாத லாரி டிரைவருக்கு அழுததைச் சொன்னா. அப்பன் மூலையில உக்காந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததைச் சொன்னா, அப்ப அழகுவேல் சிரிச்சுட்டாரு, "சரியான கிறுக்கனா இருந்திருப்பான் போல"ன்னாரு. காய்ச்சலைச் சொன்னா. பதினோரு நாளைச் சொன்னா. அவரு கையில உருட்டுன சோறு வாய்க்குப் போகாம அப்படியே நின்னுச்சு, கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு, நல்ல மனுஷன், யாரு வீட்டுத் துக்கமா இருந்தாலும் கேட்டா கலங்குற மனுஷன்.

"அந்தப் பிள்ளையப் பெத்தவன் எப்படித்தான் தாங்குறானோ"ன்னாரு. "ஆளு உசுரோட இருக்கானா?"

"இருக்காக."

"சாப்பிடுறானா?"

சந்தனமாரி கட்டை வெரலைப் பட்டன்ல இருந்து எடுத்தா.

"நாப்பது நாளா ஒண்ணும் எறங்கலைங்க. இன்னைக்குத்தான் சாப்பிடுறாக."

"அப்பாடா"ன்னு நெசமாவே சந்தோசப்பட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, அழகுவேல் இன்னும் கொஞ்சம் சோத்துக்குத் தட்டை நீட்டுனாரு.